ஸ்மாக்கிங் பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

குழந்தைக் கவுனின் நெஞ்சுப் பகுதியில் துணியைப் பொடிப் பொடி மடிப்பாகச் சுருக்கி, அந்த மடிப்புகளின் மேலேயே வண்ண நூலால் வேலை செய்திருப்பார்களே, அதற்குப் பெயர் ஸ்மாக்கிங். இருபது வருடமாகக் கையால் போடுகிறேன், அதன் வரலாற்றையும் தேடித் தேடிப் படித்து வருகிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, இது அழகுக்குத்தானே? ஒரு எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஏன் மூன்று நாள் உட்கார வேண்டும்?

அழகு பிற்பாடு வந்ததும்மா. எலாஸ்டிக் இல்லாத காலத்தில் எலாஸ்டிக் செய்த வேலையைச் செய்தது இதுதான். லண்டனில் தாமஸ் ஹான்காக் ரப்பரை வைத்துக் கையுறைக்கும் காலுறைக்கும் இழுவைப் பட்டை செய்யக் காப்புரிமை வாங்கியதே 1820இல்தான். அதற்கு முன்னால் கை நுழையும்போது விரிய வேண்டும், நுழைந்த பிறகு மணிக்கட்டில் படிய வேண்டும் என்றால் பொத்தானோ நாடாவோ வைக்க வேண்டும், இல்லையென்றால் இப்படி மடித்துத் தைக்க வேண்டும். வீட்டில் ஸ்மாக்கிங் போட்ட கவுன் இருந்தால் எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். மடிப்புகள் விசிறி மாதிரி திறக்கும், நூல் கோடுகள் சாய்சதுரமாக அகலும், விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். உள்ளே ரப்பர் எதுவும் கிடையாது, துணியும் நூலும் மட்டும்தான். முதல் தடவை இதைக் கவனித்த அன்றுதான் எனக்கு இந்தக் கலையின் மேல் பைத்தியம் பிடித்தது.

கேள்வி: பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துதானா?

பெயர் இங்கிலாந்துதான். 'ஸ்மாக்' என்பது பழைய ஆங்கிலச் சொல், பெண்கள் உள்ளே போடும் தளர்வான நீளச் சட்டைக்கு அந்தப் பெயர். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் ஒரு தச்சன் மனைவியை வர்ணிக்கும்போது, அவளுடைய வெள்ளை ஸ்மாக்கின் கழுத்துப் பட்டையில் கரிக் கறுப்புப் பட்டு நூல் வேலை இருந்ததாகச் சொல்கிறார். அது பூவேலை, நாம் பேசுகிற சுருக்கு வேலை என்று சொல்லிவிட முடியாது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

துணியைப் பொடியாகச் சுருக்கி நிறுத்துகிற பழக்கம் மட்டும் ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்தது. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1498இல் வரைந்த தன்னுருவப் படம் மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையின் நெஞ்சைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய மடிப்புகள் வரிசையாக இறங்கும், மேலே தங்க நிறப் பட்டை அவற்றைப் பிடித்திருக்கும். பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இந்த வேலையைத் தேன்கூடு என்ற பொருளிலேயே சொல்வார்கள். நம் தையல் வகுப்புகளிலும் முதலில் கற்றுக்கொடுப்பது தேன்கூடு ஸ்மாக்கிங்தானே.

கேள்வி: விவசாயிகளின் உடை என்று படித்தேன். வயலில் வேலை செய்கிறவருக்கு எதற்கு எம்ப்ராய்டரி?

நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் உழுகிறவர், ஆடு மேய்க்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் எல்லோரும் மற்ற உடைக்கு மேலே முழங்கால் அளவுக்கு ஒரு தொளதொளச் சட்டை போட்டார்கள். அதுதான் ஸ்மாக் ஃபிராக். கனமான லினன் அல்லது முரட்டுப் பருத்தி. அதை வெட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். உடல், கை, கழுத்துப் பட்டை, தோள்பட்டை, அக்குளில் வைக்கும் சதுரம், எல்லாமே நேர்கோட்டுத் துண்டுகள். வளைவு வெட்டே கிடையாது, அதனால் துணி வீணாகாது. ஆனால் நேர்த்துண்டை அப்படியே தைத்தால் சாக்கு மாதிரி தொங்குமே? அதற்காகத்தான் நெஞ்சிலும் முதுகிலும் தோளை ஒட்டிய கைப்பகுதியிலும் மணிக்கட்டிலும் சுருக்கினார்கள். உடம்போடு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், குனிந்து நிமிர்ந்து அரிவாள் வீசும்போது அதே இடம் விரிந்து கொடுக்கும். மடிப்பு மேல் மடிப்பாக இருப்பதால் நெஞ்சுக்கும் முதுகுக்கும் கதகதப்பு, தூறலும் சட்டென்று உள்ளே இறங்காது.

இன்னொன்று. அதில் ஒரு வகைக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று வித்தியாசமே கிடையாது. முன்னால் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்! முன்னால் பாதி திறப்பு வைத்த வகையும், கோட்டு மாதிரி முழுதாகத் திறக்கும் வகையும்கூட உண்டு. எம்ப்ராய்டரி நூல் பெரும்பாலும் துணியின் நிறத்திலேயே இருக்கும், வெள்ளையில் வெள்ளை, பழுப்பில் பழுப்பு. நாம் போடுகிற ரோஜாப்பூவும் வாத்துக்குஞ்சும் அவர்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கென்று நல்லது ஒன்றைத் தனியாக வைத்திருப்பார்கள்.

கேள்வி: சட்டையில் உள்ள கோலத்தைப் பார்த்தே அவர் மேய்ப்பரா வண்டிக்காரரா என்று சொல்லிவிடலாமாமே? சக்கரம் போட்டிருந்தால் வண்டிக்காரர் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் நம்ப வேண்டாம். சக்கரம், இலை, இதயம் மாதிரி வடிவங்கள் சுருக்குப் பகுதியின் இரண்டு பக்கமும் இறகுத் தையலில் இருக்கும், அது உண்மை. ஆனால் தொழிலுக்கு ஒன்று என்று கட்டாயம் இருந்ததற்குச் சான்று வலுவாக இல்லை. காரணமும் எளிது. எல்லா ஸ்மாக்கையும் மனைவி உட்கார்ந்து கணவனுக்காகத் தைத்தாள் என்பது பாதிக் கதைதான். நியூவார்க், ஹேவர்ஹில், அபிங்டன் மாதிரி ஊர்களில் இது பெரிய வியாபாரம். சுற்றுவட்டாரப் பெண்கள் கூலிக்கு வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்க, கடையில் தயாராக விற்றார்கள். அபிங்டனில் செய்த ஒன்று 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கே போனது. தையல்காரப் பெண்ணுக்குத் தன் சட்டையை யார் வாங்கப் போகிறார் என்று எப்படித் தெரியும்? கூலிக்குக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட அந்தப் பெண்களை விட்டுவிட்டுச் சக்கரக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பழைய சட்டைகளைப் பார்க்க ஆசை என்றால் ரெடிங் நகரில் இருக்கும் ஆங்கிலக் கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தின் தளத்தில் படங்கள் இருக்கின்றன.

கேள்வி: அப்புறம் ஏன் மறைந்தது?

வயலுக்கு இயந்திரம் வந்தது. தொங்குகிற துணி கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மலிவான ஆயத்த ஆடையும் வந்தது, இளைஞர்களுக்கு ஸ்மாக் என்றாலே பட்டிக்காடு என்ற எண்ணமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கிழவர்கள் மேல் மட்டும்தான் அதைப் பார்க்க முடிந்தது.

கேள்வி: விவசாயி விட்டது பணக்காரக் குழந்தைகளின் கவுனுக்கு எப்படிப் போனது?

அதே சமயத்தில்தான், 1880களில். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் என்ற உள்ளாடை வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 1881இல் அதற்கென்று லண்டனில் சங்கமே தொடங்கினார்கள். மூச்சுவிட இடம் கொடுத்து, ஆனால் உடம்போடு நிற்கும் உடை வேண்டும் என்றால் ஸ்மாக்கிங்கை விடப் பொருத்தமானது எது? ரீஜென்ட் தெருவில் இருந்த லிபர்டி கடை 1884இல் உடைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, காட்வின் என்ற கட்டடக் கலைஞரை அதற்குப் பொறுப்பாக வைத்தது. அங்கே மெல்லிய பட்டில் ஸ்மாக்கிங் போட்ட கவுன்கள் விற்றன. குழந்தைகள் பக்கம் தள்ளிவிட்டவர் ஓவியர் கேட் கிரீனவே. அவர் வரைந்த குழந்தைகள் பழைய காலத்து உடையில் இருப்பார்கள், அம்மாக்கள் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டார்கள். 1930களில் இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும் ஸ்மாக்கிங் கவுனில் எடுத்துக்கொண்ட படங்கள் உலகம் முழுக்கப் போயின. வளரும் குழந்தைக்கு அது வசதியும்கூட, ஒரு சுற்று பெருத்தாலும் நெஞ்சு விரிந்துகொள்ளும்.

கேள்வி: கடையில் 'ஸ்மாக்டு டாப்' என்று வாங்கினேன், உள்ளே ரப்பர் நூல் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா மேடம்?

ஏமாற்று இல்லை, பெயர்தான் தவறு. அது ஷர்ரிங். பாபினில் எலாஸ்டிக் நூலைச் சுற்றி மெஷினில் வரிசை வரிசையாக ஓட்டுவது. 2020இல் எல்லோரும் வீட்டில் அடைபட்டிருந்தபோது அமெரிக்காவில் 'நேப் டிரஸ்' என்ற தளர்வான கவுன் பெரிதாக ஓடியதே, அதிலும் நெஞ்சில் அப்படித்தான் ரப்பர் நூல். போட்டுக்கொள்ளச் சுகமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரப்பர் ஒருநாள் தளர்ந்துவிடும்.

கேள்வி: கற்றுக்கொள்ள ஆசை. துணி எவ்வளவு வேண்டும்?

சுருக்கி முடித்த பிறகு வேண்டிய அகலத்தைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து அங்குலம் வேண்டுமென்றால் முப்பது அங்குலம் எடுங்கள். முதலில் பொடிக் கட்டம் போட்ட பருத்தித் துணியில் பழகுங்கள், கட்டமே புள்ளியாக உதவும். வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுங்கள், ஒவ்வொரு வரிசையிலும் ஊசி அதே நேர்கோட்டில் இறங்க வேண்டும். எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் மடிப்புகள் குழாய் குழாயாக எழுந்து நிற்கும். மேல் வரிசைக்குக் கேபிள் தையல் போடுங்கள், அது அசையாமல் பிடிக்கும். கீழே அலைத் தையலோ தேன்கூடோ போட்டால் நன்றாக விரியும். ஊசி மடிப்பின் உச்சியை மட்டும் கிள்ள வேண்டும், ஆழமாகப் போனால் விரியாது. என் முதல் துண்டில் நூலை இழுத்து இழுத்து இறுக்கிவிட்டேன், பலகை மாதிரி ஆகிவிட்டது, முழுக்கப் பிரித்தேன். வேலை முடிந்த பிறகுதான் ஓட்டுத் தையலை உருவ வேண்டும்.

கேள்வி: என் அம்மா எனக்குப் போட்ட கவுன் நாற்பது வருடமாகப் பெட்டியில் இருக்கிறது. மகளுக்குப் போட எடுத்தேன், மடிப்பெல்லாம் படுத்துவிட்டது. அயர்ன் பண்ணலாமா?

ஸ்மாக்கிங் மேல் அயர்ன் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள், தட்டையாகிவிடும். குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் வைத்து ஒற்றி எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே சுருக்குப் பகுதியைச் சரியான அகலத்துக்கு இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஒரு தடித்த துணியில் குத்தி வையுங்கள். நீராவி வரும் அயர்ன் இருந்தால் இரண்டு அங்குலம் உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள், விரலால் மடிப்புகளை எழுப்பிவிடுங்கள். முழுக்கக் காயும் வரை ஊசியை எடுக்க வேண்டாம். எங்கேயாவது நூல் அறுந்திருந்தால் துவைப்பதற்கு முன்பே அதே நிற நூலால் பிடித்துவிடுங்கள். போட்ட பிறகு ஒரு படம் அனுப்புங்கள், உங்கள் அம்மா போட்ட தையல் எது என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.