மென்பொருள் கழித்த 270 விண்ணப்பங்கள்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் தயாரிக்கிறோம். ஒரு வேலைக்கு 300 விண்ணப்பம் வருகிறது. ஏஐ மென்பொருள் மதிப்பெண் போட்டு 30 பேரைத் தருகிறது. இயந்திரம் ஓரவஞ்சனை பார்க்காது என்கிறார் விற்பவர். மீதியை அப்படியே கழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இதுவரை எப்படிப்பட்டவர்களை வேலைக்கு எடுத்தார்களோ, அவர்களைப் போன்றவர்களையே இந்த மென்பொருள்களில் பலவும் தேடும். அமேசான் சோதித்துப் பார்த்த ஒரு கருவி 10 ஆண்டு விண்ணப்பங்களைப் படித்துப் பழகியது. அவற்றில் ஆண்களே அதிகம். ஆகவே 'பெண்கள்' என்ற சொல் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அதைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது.

பாலினத்தையும் சாதியையும் நாங்கள் கேட்பதே இல்லை என்பீர்கள். குடிசைவாசிகள் மறுகுடியமர்த்தப்பட்ட கண்ணகி நகர் முகவரி, கல்லூரிப் பெயர், தமிழ்வழிப் படிப்பு, பிரசவத்துக்காக விட்ட இரண்டு வருடம் எல்லாம் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 20 விண்ணப்பங்களை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள்: முருகனை முத்துலட்சுமி ஆக்குங்கள், அல்லது முகவரியை வசதியானவர்கள் வாழும் அடையாறு ஆக்குங்கள். தகுதி மாறாமல் மதிப்பெண் மாறினால் அங்கேதான் கோளாறு.

அடுத்தது கணக்கு. 200 ஆண்களில் 24 பேர் தேறினால் 12 சதவீதம். 100 பெண்களில் 6 பேர் என்றால் 6 சதவீதம், அதாவது ஆண்களின் விகிதத்தில் பாதி. அமெரிக்காவில் 1978-இல் வந்த அளவுகோல்படி, ஒரு பிரிவினர் தேறும் விகிதம் அதிகம் தேறும் பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும். இங்கே அது சட்டமில்லை. ஆனாலும் எளிய, நல்ல அளவுகோல். எண்ணிக்கை சிறிதென்றால் நாலைந்து முறை ஆளெடுத்ததைக் கூட்டிப் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கலும் உண்டு. குடும்பப் பெயர் கேட்கும் மென்பொருள் இனிஷியலைக் கண்டு தடுமாறலாம். யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) அல்லாத பழைய தமிழ் எழுத்துருவும், செல்போனில் படமெடுத்து அனுப்பியதும் அதற்குப் புரியாமல் போகலாம். பூஜ்யம் வாங்கியவற்றை முதலில் திறந்து பாருங்கள்.

கழித்ததில் 30-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, மதிப்பெண் தெரியாத ஒரு மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அவர் மூன்று நான்கு பேரையாவது நேர்காணலுக்கு அழைக்கலாம் என்றால், கழித்த எல்லா விண்ணப்பங்களையும் மனிதர் படித்தே ஆகவேண்டும். ஒரு தொழிலாளியின் பிழைப்பு அந்த விண்ணப்பக் கட்டுக்குள் கிடக்கிறது.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விண்ணப்பங்களுக்கும் பொருந்தும். எதற்காக விவரம் வாங்குகிறீர்கள் என்பதைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். தேவை முடிந்ததும் அழியுங்கள். உங்களுக்கு வந்த விண்ணப்பங்களை வைத்துத் தன் மென்பொருளைப் பழக்க மாட்டேன், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் காட்டுவேன் என விற்பவர் ஒப்பந்தத்தில் எழுதித் தரட்டும். தராவிட்டால் வாங்காதீர்கள்.