வீட்டில் காய்ச்சிய பீரை நண்பர்களுக்குள் மாற்றிக்கொண்டு, ருசித்து, மதிப்பெண் போடுகிறார்களாமே? அதில் அப்படி என்ன இருக்கிறது? முகத்துக்கு நேரே குறை சொன்னால் நட்பு கெடாதா?

கெடும். எனக்கு மூன்று நாள் கெட்டிருக்கிறது. அந்த மூன்று நாளுக்கு அப்புறம்தான் எனக்கு உருப்படியாகப் பீர் செய்ய வந்தது என்பதால், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். பீர் செய்ததெல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஏழு வருடத்தில். அங்கே ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம், விற்கத்தான் கூடாது. நம்மூரில் 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கிக் குடிக்கலாம், வீட்டில் செய்தால் வழக்கு. பனை நிறைந்த சீமையில் கள்ளுக்கே 1987இலிருந்து தடை. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மச்சில் குடத்தை மூடி வைக்க வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு நாங்கள் மாற்றிக்கொள்வது இஞ்சி சோடா. அதற்குப் பிறகு வருகிறேன்.

‘காய்ச்சிய’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு ஊறல் பானையும் போலீஸ் ஜீப்பும்தான் ஞாபகம் வரும். பீரில் காய்ச்சுவது பார்லிச் சாற்றை. பார்லியை முளைகட்டி உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு வடித்தால் பானகம் மாதிரி ஒரு இனிப்புச் சாறு வரும். அதை, கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் போட்டு மூடிவிடுவார்கள். சாராயம் மாதிரி ஆவியைப் பிடிக்கிற வேலை இதில் கிடையாது.

சரி, அந்த மூன்று நாள் கதை.

நான் முதன்முதலில் மாற்றிக்கொள்ளக் கொண்டுபோனது பேல் ஏல் என்கிற பீர் வகை. ஒரு நண்பரின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். ஆளுக்கு இரண்டு பாட்டில், லேபிள் கிடையாது, மூடி மேல் ஒரு எண் மட்டும். யாருடையது எது என்று வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். என் பாட்டிலைத் திறந்ததும் நுரை அழகாக எழும்பியது. நிறம் நல்ல தேன் நிறம். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு அண்ணன், வயது அறுபதுக்கு மேல், குடிக்கவே இல்லை. மோந்து பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்து மோந்தார். “இதைச் செஞ்சவர் வீட்ல வெண்ணெய் உருக்குனாங்களா?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. பிறகு மோந்து பார்த்தால், ஆமாம். ஆச்சி வெண்ணெய் உருக்கும்போது, முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அடுப்படியில் ஒரு வாசம் வருமே, அதே வாசம். வீட்டில் அதே பீரை இருபது தடவை மோந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது என் மூக்கில் ஏறவில்லை. நம் பிள்ளை கருப்பா சிவப்பா என்று நமக்குத் தெரியாது என்பார்களே, அந்த மாதிரி.

அதற்குப் பெயர் டயசெட்டில். ஈஸ்ட் வேலை செய்யும்போது டயசெட்டிலுக்கு மூலமான பொருளை வெளியே விடும், அது பிறகு டயசெட்டிலாக மாறும். வேலை முடிகிற சமயத்தில் அந்த டயசெட்டிலைத் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஈஸ்ட்டுக்கு அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளைக் கொடுக்க வேண்டும். நான் குமிழி நின்றதும் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்துவிட்டேன். அவ்வளவுதான் தப்பு. அந்த அண்ணனோடு மூன்று நாள் நான் பேசவில்லை. நாலாவது நாள் நானே போன் பண்ணி, “எத்தனை நாள் விடணும்ணே?” என்று கேட்டேன்.

என் அனுபவத்தில் இந்த மாற்றலின் பயன் இவ்வளவுதான்: நம் மூக்குக்குப் பழகிப்போனதை இன்னொருவர் மூக்கு பிடித்துக் கொடுக்கும். ஆனால் அவர் பிடித்ததைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ‘சூப்பர்’ என்று சொல்கிறவரால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ‘ஒரு மாதிரி இருக்கு’ என்கிறவர் அதைவிட மோசம். ராத்திரித் தூக்கத்தையும் கெடுத்துவிடுவார்.

சொல்வதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மோப்பத்துக்கு நம்மிடம் இருக்கிற சொற்களை ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மணம், வாசம், வாடை, வீச்சம், கமறல், கவிச்சி, சிக்கு, மக்கல், ஊசல். ஒவ்வொன்றும் வேறு வேறு. பீரில் வரும் குறைகள் பாதிக்குமேல் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன. காற்றுப் பட்டுப் பழசாகிப்போன பீரில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் மக்கல் வாடை வரும். சாற்றை மூடி போட்டுக் கொதிக்கவைத்தால் வேகவைத்த மக்காச்சோள வாசம் உள்ளேயே நின்றுவிடும். குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றினால் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி வாடை. அவசரப்பட்டால் வெண்ணெய், அதைவிட அவசரப்பட்டால் பச்சை ஆப்பிள். பாக்டீரியா புகுந்துவிட்டால் பழைய சோற்று நீராகாரப் புளிப்பு. (சில பெல்ஜியம் பீர்களில் அந்தப் புளிப்பைத்தான் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு ஒன்று கொடுத்தபோது, “இதுக்கு நம்ம கஞ்சித்தண்ணி போதாதா?” என்றார்.) பச்சை பாட்டிலை வெயிலில் வைத்தால் ஹாப்ஸ் கெட்டு, ஸ்கங்க் என்கிற அமெரிக்க விலங்கின் வீச்சம் அடிக்கும். பழுப்பு பாட்டில் அதைப் பெரும்பாலும் தடுக்கும்.

ருசிக்கும் முறைக்கு வருகிறேன். கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது, மணம் நிற்க இடம் வேண்டும். டம்ளரில் பாத்திரம் துலக்குகிற சோப்பு ஒட்டியிருந்தால் நுரை படுத்துவிடும். உதட்டில் எண்ணெய் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே காராச்சேவும் மிக்சரும் பிற்பாடு. சில்லென்று குடித்தால் எல்லா பீரும் நல்ல பீர்தான், நாக்கு மரத்துப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வைத்தால் குறை நிறை இரண்டும் எழுந்து வரும். உள்ளங்கையால் மூடி ஒரு சுற்றுச் சுற்றி, சட்டென்று கையை எடுத்து, இரண்டு மூன்று குட்டி மோப்பம். இழுத்து இழுத்து மோந்தால் மூக்கு பழகிவிடும், ஒன்றும் தெரியாது. முதல் மோப்பத்தில் என்ன தோன்றியதோ அதை அப்போதே எழுதிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவே கூடாது. அவர் ‘ஏலக்காய்’ என்று சொல்லிவிட்டால் உங்களுக்கும் ஏலக்காய்தான் அடிக்கும்.

மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் பிஜேசிபி என்கிற அமெரிக்க அமைப்பின் தாளைத்தான் பயன்படுத்துவோம். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனம், குமிழி இவற்றுக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைப் பார்த்து எனக்கு ஆரம்பத்தில் கோபம். இப்போது அதுவே அதிகம் என்று படுகிறது. எவ்வளவு கேவலமாக இருந்தாலும் 13க்குக் கீழே போடுவதில்லை என்று ஒரு மரியாதையும் உண்டு. கல்யாண வீட்டில் சாம்பார் உப்புக்கரித்தாலும் “திருப்தியா சாப்பிட்டோம்” என்று சொல்லிவிட்டு வருவோமே, அதன் வெள்ளைக்காரப் பதிப்பு. எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுகிற இரண்டு வரிதான் சரக்கு.

இனி நம்மூர்க் கதை.

திரும்பி வந்து ஒரு வருடம் சும்மா இருந்தேன். கை அரித்தது. இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, தினம் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக்கொண்டே வந்தால் நாலைந்து நாளில் அது தானே நுரைக்கும். இஞ்சித் தோலில் இருக்கிற ஈஸ்ட்தான் அதற்குக் காரணம். அந்த நுரைத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து இனிப்புச் சாற்றில் விட்டு பாட்டிலில் அடைத்தால் இஞ்சி சோடா. துளி ஆல்கஹால் அதிலும் உண்டாகத்தான் செய்யும். நீண்ட நாள் விட்டால் கூடிக்கொண்டே போகும். அதனால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், உடனே ஃபிரிட்ஜ். இதில் கண்ணாடி பாட்டிலை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் என் பாட்டில் ஒன்று ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்து, பக்கத்து வீட்டு மைனி கேஸ் சிலிண்டர் என்று நினைத்துத் தெருவுக்கே ஓடிவிட்டார். இப்போது பிளாஸ்டிக் பாட்டில்தான். அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜுக்குள்.

நாங்கள் மூன்று பேர். நான், வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார்வாள், வண்ணார்பேட்டைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார்வாள் வீட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், கூடுவோம். ஊதுபத்தி கூடாது, மல்லிகைப்பூ கூடாது என்று சார்வாள் வைத்த சட்டத்தில் அவர் வீட்டம்மா எங்கள் மூன்று பேர்மேலும் கடுப்பாக இருக்கிறார்.

அண்ணாச்சியின் முதல் பாட்டில் உடன்குடிக் கருப்பட்டியில் செய்தது. நான் எழுதியது இது: “முதல் மோப்பத்தில் ஓலைப் புகை. பிறகு இஞ்சி. வாயில் இனிப்பு முன்னால் வந்து உடனே போய்விடுகிறது. நடுவில் லேசான சுண்ணாம்புத் துவர்ப்பு. தொண்டையில் காரம் நிற்கிறது. குமிழி போதாது.”

அண்ணாச்சி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். “இம்புட்டு எழுதியிருக்கிய தம்பி, நல்லாருக்கா இல்லியான்னு எழுதலியே?”

“அதை எழுதினா உங்களுக்கு என்ன உபயோகம் அண்ணாச்சி?”

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஈப்போ அண்ணன் ஞாபகம் வந்தது. சார்வாள்தான் நடுவில் புகுந்து சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டார். பனையில் பதனீர் இறக்கும்போது கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் அது மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அந்த ஈஸ்ட்டை நடமாட விடாது. தடவியது கூடிவிட்டால் கருப்பட்டி வரைக்கும் அந்தத் துவர்ப்பு வரும். அதே சுண்ணாம்புதான் எங்கள் பாட்டிலிலும் ஈஸ்ட்டைச் சோம்பலாக்கியிருக்க வேண்டும், குமிழி குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்றார். ஒரு துவர்ப்பிலிருந்து குமிழிக்குப் போன அந்த வழியைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு வருத்தமெல்லாம் பறந்துவிட்டது. பதனீர் குடித்தே வளர்ந்த ஆள். பட்டையில் ஊற்றிய பதனீரில் சுண்ணாம்பு கூடவா குறையவா என்று நாக்கிலேயே சொல்வாராம். கருப்பட்டியிலும் அதே நாக்கை வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் அவருக்கு அதுவரை தோன்றவில்லை. அடுத்த வாரம் வேறு கருப்பட்டியை வாங்கி, கரைத்து, ஒரு மூடி எலுமிச்சையும் பிழிந்து கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் பாதி சோடா சார்வாள் சட்டையில்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி எழுதுவதைப் பார்க்க வேண்டுமே. பலசரக்கு மூக்கு அது. கொத்தமல்லி பழசா புதுசா என்று மூட்டையைப் பிரிக்காமலே சொல்கிற ஆள். கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். சார்வாளின் நன்னாரி சோடாவுக்கு, “வேர் நல்ல வேர். வெயில்ல காயல, நெழல்ல காஞ்சது. சீனி ஒரு கரண்டி கூட” என்று எழுதினார். மூன்றும் சரி என்று சார்வாள் ஒத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் முறை. தாமிரபரணித் தண்ணீரில்தான் அல்வாவுக்கே ருசி என்று சொல்கிற ஊர் இது. நானும் தண்ணீரைப் பற்றி அவர்களுக்கு நிறைய வகுப்பு எடுத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ராத்திரி திறந்து வைக்க வேண்டும், அப்போதுதான் குளோரின் போகும் என்று. அன்றைக்கு அவசரத்தில் நேரே குழாயிலிருந்து பிடித்து ஊற்றிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது, இஞ்சி காரம் மூடிவிடும் என்று நினைத்தேன். அண்ணாச்சி ஒரு மோப்பம்தான் பிடித்தார். சிட்டையில் எழுதி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சி சரி. காரம் சரி. தண்ணி கொழாயிலேர்ந்து நேரா வந்திருக்கு.”