தாமிரபரணிக் கரையில் இரண்டு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குற்றாலத்தில் சாரல் என்றால் தென்காசிச் சாலையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. திருச்செந்தூரில் விடுமுறை நாள்களில் நிற்க இடமில்லை. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றைப் பலர் பாலத்தின் மீது போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. அந்த ஆற்றங்கரையில் ஒரு சனி, ஞாயிறைக் கழிக்க விரும்பி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வெள்ளி இரவு சென்னையில் ரயில் ஏறி, திங்கள் காலை திரும்பிவிட வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு, நெல்லையப்பர் கோயில், நவதிருப்பதி, ஆதிச்சநல்லூர், முடிந்தால் திருச்செந்தூர். திட்டம் சரியா? (வாசகி, சென்னை)

திட்டம் சரியில்லை. நீங்கள் எழுதியிருப்பது ஐந்து நாள் பயணம். அதை இரண்டு நாளில் திணித்தால் காரின் இருக்கையைத்தான் அதிக நேரம் பார்ப்பீர்கள்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேரும் வரை சுமார் 125 கிலோமீட்டர் ஓடுகிறது. காவிரியோடு ஒப்பிட்டால் சிறிய ஆறு. ஆனால் இந்தச் சிறிய தூரத்துக்குள் மழைக்காடு, அருவி, நெல்வயல், மாநகரம், தேரிமணல், உப்பளம் எல்லாம் வந்து போகின்றன. எனவே முதலில் ஒரு முடிவெடுங்கள்: மேல் ஆறா, கீழ் ஆறா? திருநெல்வேலியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று மலையை நோக்கிப் போவது மேல் ஆறு. கிழக்கே கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கடலை நோக்கிப் போவது கீழ் ஆறு. குளியலும் பசுமையும் வேண்டுமென்றால் மேற்கே போங்கள். கோயிலும் தொல்லியலும் வேண்டுமென்றால் கிழக்கே. இன்னொரு பாதியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வற்றாத ஆறுதான், எங்கும் போய்விடாது.

சனிக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினால் ஞாயிறு இரவு அதே ரயிலில் ஏறும் வரை உங்களுக்கு இரண்டு முழுப் பகல்கள் கிடைக்கும். 2023 செப்டம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் வேகமானதுதான். ஆனால் அது பகல் ரயில் என்பதால் வார இறுதிக்காரர்களுக்குப் பாதி நாளை விழுங்கிவிடும்.

கார் ஓட்டத் தெரியாது, வாடகைக் காருக்கும் மனமில்லை. பஸ், ரயிலிலேயே சமாளிக்க முடியுமா? (வாசகர், பெங்களூரு)

தாராளமாக முடியும். ஆற்றங்கரைப் பகுதிகளில் இந்த வசதி எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை: திருநெல்வேலி சந்திப்பிலிருந்து இரண்டு கிளை ரயில் பாதைகள் பிரிகின்றன, இரண்டுமே ஆற்றை ஒட்டியே போகின்றன. செங்கோட்டைப் பாதையில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக நிலையங்கள். திருச்செந்தூர்ப் பாதையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. பாசஞ்சர் ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை பஸ்கள் நிரப்பிவிடும். அம்பாசமுத்திரம், பாபநாசம் பஸ்கள் வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்திலிருந்து அடிக்கடி உண்டு.

செங்கோட்டை ரயிலில் கல்லிடைக்குறிச்சி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள். இந்தக் கரை கல்லிடைக்குறிச்சி, அந்தக் கரை அம்பாசமுத்திரம். நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும். மேற்கே பொதிகை நீலமாக நிற்கும். அப்பளம் வாங்க வேண்டுமென்றால் கல்லிடைக்குறிச்சியில் இறங்கலாம். இறங்கினால் அக்ரகாரத் தெருக்கள் வழியாக ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம்.

எந்த மாதம் வரலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

ஜூலை, ஆகஸ்ட்; அல்லது ஜனவரி, பிப்ரவரி. காரணம் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழை பொதிகையின் தலையில் பெய்து ஆற்றை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்து இன்னொரு முறை நிரப்புகிறது. அதனால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு நெற்பருவங்கள். கார் சாகுபடி நடக்கும் ஆடி மாதத்திலும் பிசானப் பயிர் தலைசாய்க்கும் தை மாதத்திலும் சாலையின் இரு பக்கமும் பச்சை கண்ணை நிறைக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் பாபநாசத்தில் தண்ணீர் இருக்கும். ஆனால் ஊருக்குள் வெயில் உங்களை அறையிலேயே உட்கார வைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் போகும். திருவிழா பார்க்க வருபவர்கள் வாருங்கள், அமைதி தேடுபவர்கள் வேறு வாரம் பாருங்கள். அடுத்தது, நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் கடைசி வரை வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அந்த அளவு மழை அபூர்வம். ஆனால் மழைக்காலத்தில் அணை திறந்தால் கீழே ஆறு ஏறும் என்பது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது.

ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாதுகாப்பாக எங்கே குளிக்கலாம்? (வாசகி, திருச்சி)

உள்ளூர்க்காரர்கள் கூட்டமாகக் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும். ஆள் இல்லாத அழகான திருப்பத்தைக் கண்டு இறங்கிவிடாதீர்கள். இந்த ஆற்றில் மணலும் பாறையும் மாறி மாறி வரும். முழங்கால் அளவுத் தண்ணீருக்கு நாலடி தள்ளி ஆள் மூழ்கும் கசம் இருக்கும். ஆழமான இடத்துக்கு இந்தப் பக்கத்தில் கசம் என்றுதான் பெயர். கரையில் நிற்கும் யாரிடமாவது "இங்கே கசம் உண்டா?" என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள்.

அருவி வேண்டுமென்றால் பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவி. மணிமுத்தாறு அணைக்கு மேலே மணிமுத்தாறு அருவி. இரண்டும் 1988-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கின்றன. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக்குக்கு அனுமதியில்லை. வெள்ளம் என்றால் அருவியை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மாலைக்கு முன் காட்டைவிட்டு வெளியே வந்துவிடவும் வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. பாறையில் சுற்றிக்கொண்டு மீனையும் மனிதரையும் சிக்க வைக்கிறது. பிள்ளைகளின் கால் மாட்டுவதும் அதில்தான். சோப்பு, ஷாம்பு உறைகளையும் பையிலேயே போட்டுத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

அம்மாவுக்கு நவதிருப்பதி பார்க்க ஆசை. முழங்கால் வலி. ஒரே நாளில் ஒன்பதும் முடியுமா? (வாசகர், மதுரை)

கோயில்கள் ஒன்றுக்கொன்று அருகில்தான் இருக்கின்றன, தூரம் ஒரு பிரச்சினையில்லை. நடை சாத்தும் நேரம்தான் பிரச்சினை. உச்சிக்குப் பிறகு சாத்தினால் பெரும்பாலும் மாலைதான் திறப்பார்கள். சின்னக் கோயில்களில் அர்ச்சகர் வந்தால்தான் நடை. ஆகவே ஆற்றின் கரையை வைத்து நாளைப் பிரியுங்கள்.

காலை ஏழரைக்குள் வடகரையில் ஸ்ரீவைகுண்டத்தில் இருங்கள். அங்கிருந்து நத்தம் என்கிற வரகுணமங்கை, திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி. இரட்டைத் திருப்பதியில் இரண்டு கோயில்கள் என்பதால் வடகரையிலேயே ஆறு முடிந்துவிடும். திருப்புளிங்குடியில் பள்ளிகொண்ட பெருமாளின் திருவடியைப் பிராகாரத்து ஜன்னல் வழியாகச் சேவிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பிறகு ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்து மதியச் சாப்பாடும் ஓய்வும். மாலையில் நடை திறந்ததும் திருக்கோளூர், தென்திருப்பேரை, கடைசியாக ஆழ்வார்திருநகரி.

ஆழ்வார்திருநகரியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி அங்கேதான் இருக்கிறது. அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் அம்மா எழுந்து வர நேரமாகும். அப்போது கடிகாரம் பார்த்து அவசரப்படுத்தக் கூடாது. நம்மாழ்வாரையே பாடிய மதுரகவியாழ்வார் பிறந்த ஊர் திருக்கோளூர் என்பதால் அதை முடித்துவிட்டு இங்கே வருவது வரிசைக்கும் பொருத்தம்.

முழங்கால் ரொம்பவும் படுத்துகிறது என்றால் ஸ்ரீவைகுண்டம், திருப்புளிங்குடி, ஆழ்வார்திருநகரி மூன்று போதும். கணக்கு முடிக்கப் போகிறோமா, சேவிக்கப் போகிறோமா என்பதை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் ஒன்பது கருடன்களில் ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளும் கருட சேவையின்போது வருவதாக இருந்தால் இந்தத் திட்டம் எதுவும் உதவாது. கூட்டம் போகும் பக்கம் போக வேண்டியதுதான்.

எனக்குக் கோயில், பூஜையில் நாட்டமில்லை. அந்தப் பக்கம் எனக்கு என்ன இருக்கிறது? (வாசகர், புதுச்சேரி)

நிறைய இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தொடங்குங்கள். திருச்செந்தூர்ச் சாலையை ஒட்டிய பரம்பு மேடு அது, இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. 1876-இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊரில் தோண்டியது ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற நீண்ட நாள் கோரிக்கை 2023-இல் ஓரளவு நிறைவேறியது: முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி. பெட்டிக்குள் அடுக்கிய பானைகளைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டியில் தமிழக அரசின் பொருநை அருங்காட்சியகமும் இருக்கிறது. முதலில் மேட்டைப் பார்த்துவிட்டு அதற்குப் போனால் அங்கே பார்ப்பது நன்றாகப் பிடிபடும்.

இரண்டாவது திருப்புடைமருதூர். கோயில்தான், ஆனாலும் போங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேருமிடத்தில் இருக்கிறது. கோபுரத்தின் உள்நிலைகளில் மரச்சிற்பங்களும் நாயக்கர் காலத்து ஓவியங்களும் இருக்கின்றன. போர்க்காட்சிகள், யானைகள், குதிரைகள். அந்த நிலைகள் எப்போதும் திறந்திருப்பதில்லை, கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திறக்காவிட்டாலும் வெளியே மரங்கள் முழுக்கப் பறவைகள். ஊராரே காத்துவந்த இந்த இடத்தை 2005-இல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள்; இந்தியாவில் அந்த வகையில் முதலாவது இதுதான். ஆண்டின் முதல் சில மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். பட்டாசு, ஒலிபெருக்கி, டிரோன் எதுவும் வேண்டாம்.

நேரம் மிஞ்சினால் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பாருங்கள். மெல்லியதாகக் கிழித்த கோரையில் நெய்யும் பட்டுப்பாய் விலை அதிகம். நெய்ய எத்தனை நாளாகிறது என்று தறியருகில் உட்கார்ந்து பார்த்தால் பேரம் பேசத் தோன்றாது.

எங்கே தங்கலாம்? ஆற்றைப் பார்த்த அறை கிடைக்குமா? (வாசகி, ஓசூர்)

அந்த மாதிரி விடுதிக் கலாச்சாரம் இங்கே வளரவில்லை, வளராதது நல்லதும்கூட. திருநெல்வேலி சந்திப்பைச் சுற்றி எல்லா விலையிலும் அறைகள் உண்டு. மேல் ஆற்றுக்கு அம்பாசமுத்திரத்தில் எளிய லாட்ஜுகள் போதும். கீழ் ஆற்றுக்குத் திருநெல்வேலியிலேயே தங்கிப் போய்வருவது சுலபம்.

மாஞ்சோலை போகலாமா?

மணிமுத்தாறுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்ட மலைப்பகுதி அது. வனத்துறை அனுமதி இருந்தால்தான் போகலாம். அந்த அனுமதியை நம்பி வார இறுதியைத் திட்டமிடாதீர்கள்.

அல்வா தவிர என்ன சாப்பிடலாம்? (வாசகர், வேலூர்)

சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் மஞ்சள் நிறக் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தில் இது இல்லாமல் இருக்காது. இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கத்தில் வேண்டும். ஓட்டல்களில் தினமும் கிடைக்காது, வார இறுதிகளில் சில சைவ உணவகங்களில் வைப்பார்கள், விசாரியுங்கள். கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறும் அப்படித்தான்: கிடைத்தால் விடாதீர்கள். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத்துவையல்.

அல்வாவைத் தவிர்க்கச் சொன்னது நீங்கள், நான் சொல்லவில்லை. இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், வரிசை நீளம். வரிசையில் நிற்க விருப்பமில்லாதவர்கள் சந்திப்புப் பக்கம் நல்ல கடை எதில் வாங்கினாலும் வருத்தப்பட மாட்டார்கள். சூடாக, இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் பொட்டலம் வேறு ருசி.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா? (வாசகர், சேலம்)

ஆற்றைத் தொடர்ந்து வந்தவர்கள் போகலாம். முகத்துவாரத்தை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அது மீனவ ஊர், சுற்றுலாத் தலம் இல்லை. கடை, கழிப்பறை வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். வழியில் கொற்கையில் நின்று வாருங்கள். கிரேக்கர்கள் எழுதி வைத்த பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட, இன்று அங்கே நிற்பவருக்குத் தெரிவது வாழைத் தோட்டமும் வயலும்தான். முதலில் கொற்கை, பிறகு புன்னைக்காயல் என்ற வரிசையில் போனால் இடையில் உள்ள தூரமே ஆறு போட்ட நிலம் என்பது விளங்கும். மாலை நாலு மணிக்குள் புன்னைக்காயலை அடைந்துவிட்டால், இருட்டுவதற்குள் ஆறுமுகநேரி வந்து திருநெல்வேலிக்கு பஸ் பிடித்துவிடலாம்.