பாப் ஸ்மியரில் கோளாறு என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 38, இரண்டு குழந்தைகள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘எச்.எஸ்.ஐ.எல்.’ என்று வந்திருக்கிறது. கோல்போஸ்கோப்பி செய்துகொள்ளச் சொன்னார்கள், வேறு எதுவும் விளக்கவில்லை. லேபில் அறிமுகமான ஒருவர், “அதெல்லாம் வீண் செலவு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது, டாக்டரை நான் ஏற்பாடு செய்கிறேன்” என்கிறார். கோல்போஸ்கோப்பி ரொம்ப வலிக்குமா? நேராக ஆபரேஷனே செய்துகொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். செய்துகொள்ளக் கூடாது. இந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யார் சொன்னாலும் கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாப் ஸ்மியரில் கர்ப்பப்பை வாயின் மேற்புறத்திலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அதில் தெரியாது. உங்களுக்கு வந்திருக்கும் எச்.எஸ்.ஐ.எல்., செல்களில் மாற்றம் அதிகமாகத் தெரிகிறது என்பதைச் சொல்கிறது. அதுவே புற்றுநோய் அல்ல, ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைக்கூடச் சொல்லாமல் கவரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் பயந்துபோய் வெளியே வரும் பெண்ணைத்தான் புரோக்கர் பிடித்துக்கொள்கிறார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

எவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான நிலையில் இருந்த பெண்களைச் சரியான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துவந்தார்கள். பெரிய அநியாயம் அது. 30 வருடங்களில் அவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. பொதுவாக இந்த மாற்றம் மெதுவாகத்தான் முற்றும். ஆகவே நாளைக்கே ஆபரேஷன் டேபிளில் ஏற வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனையான கோல்போஸ்கோப்பியை அடுத்த சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். “இன்னொரு தடவை பாப் ஸ்மியர் எடுத்துப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது ஸ்மியர் நார்மல் என்று வந்தாலும் முதலாவது பொய்யாகிவிடாது.

சரி, வலி. பாப் ஸ்மியருக்குப் படுத்த மாதிரியேதான் படுக்க வேண்டும், உள்ளே விரித்துப் பிடிக்கும் அதே ஸ்பெகுலம்தான். கோல்போஸ்கோப் என்பது பூதக்கண்ணாடி போன்ற கருவி. அது உடம்புக்குள் நுழையாது, வெளியே நின்றே பார்க்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும், லேசாக எரியலாம். அயோடின் தடவினால் நல்ல இடம் கரும்பழுப்பாகும், சந்தேகமான இடத்தில் அந்த நிறம் ஏறாது. அந்த இடத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் அளவில் சதை எடுப்பதுதான் பயாப்சி. எடுக்கும்போது சுருக்கென்று இருக்கும், அப்புறம் மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு இதைவிட அதிகமாகவே வலிக்கிறது. அப்படி வலித்தால் நிறுத்தச் சொல்லவும் மரத்துப்போக மருந்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மாதவிலக்கில் அதிகம் போகும் நாட்களைத் தவிருங்கள். சோதனைக்கு முந்தின நாளிலிருந்தே பிறப்புறுப்புக்குள் மருந்து, கிரீம் எதுவும் வேண்டாம், உடலுறவும் வேண்டாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும், அயோடின் அலர்ஜி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயாப்சி எடுத்த பிறகு சில நாள் கருப்பாகக் கசியும், ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்தால் வருவது அது. காய்ச்சல், துர்நாற்றம், பேட் நனைந்துபோகிற அளவு ரத்தம் என்றால் உடனே போய்க் காட்டுங்கள்.

பயாப்சி முடிவு வந்த பிறகுதான் சிகிச்சை என்பது பொது விதி. இதற்கு விலக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லியே ஏமாற்றுகிறார்கள் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ரிப்போர்ட் உங்களுடையதைப் போல இருந்து, கோல்போஸ்கோப்பியிலும் கோளாறு தெளிவாகத் தெரிந்தால், டாக்டர் அன்றைக்கே ‘லீப்’ செய்துவிடலாம் என்று சொல்லக்கூடும். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் செதுக்கி எடுப்பது அது. ஏற்கப்பட்ட முறைதான், ஏனென்றால் செதுக்கிய சதை முழுவதும் லேபுக்குப் போகிறது, அதுவே பயாப்சியாகிவிடுகிறது. உறையவைப்பது, சூட்டால் பொசுக்குவது இரண்டும் வேறு. அவற்றில் சோதித்துப் பார்க்கச் சதையே மிஞ்சாது. திரும்ப வர வழியில்லாத பெண்களுக்கு, புற்றுநோய் சந்தேகம் துளியும் இல்லை என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு அப்படிச் செய்வதுண்டு. உங்களுக்குக் கோல்போஸ்கோப்பி கிடைக்கிறதே! அதனால் “எடுக்கும் சதை லேபுக்குப் போகிறதா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லேசான மாற்றம் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது, கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது.

கர்ப்பப்பையை அவசரப்பட்டு எடுத்தால் என்ன கெடுதல்? உள்ளே புற்றுநோய் மறைந்திருந்தால் சாதாரண ஆபரேஷன் போதாமல் போகலாம், அப்புறம் செய்யும் சிகிச்சை சிக்கலாகிவிடும். புற்றுநோய் இல்லையென்றால் பெரும்பாலும் லீப்பே போதுமானது. அடுத்த பொறி, ‘கர்ப்பப்பை வாயில் புண்’ என்ற பயமுறுத்தல். பார்க்கச் சிவந்து தெரிவது பல பெண்களுக்கு இயல்பு, புண்ணே அல்ல. உடலுறவில் பரவி இந்த மாற்றத்தை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸை அழிக்கும் மாத்திரை, பொடி, ஜெல் என்று விற்பதையும் வாங்காதீர்கள். அதை நிச்சயமாக விரட்டும் மருந்து என்று எதுவும் இல்லை. கணவரையும் சந்தேகப்பட வேண்டாம், அந்த வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் தங்கக்கூடியது.

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை பயாப்சியில் சி.ஐ.என். 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள், 1 லேசானது, 3 கடுமையானது. 1 என்று வந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் உங்கள் ஸ்மியர் அதைவிடக் கடுமையாக இருப்பதால் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். 2 அல்லது 3 என்றால் உங்கள் வயதுக்கு அந்தக் கோளாறான பகுதியை அகற்றிவிடுவதுதான் நல்லது. பயாப்சி நார்மல் என்று வந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஸ்மியர் ஒன்று சொல்லி, பயாப்சி இன்னொன்று சொன்னால், கோளாறான இடம் தப்பியிருக்கலாம். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

லீப் செய்துகொண்டால் ஆறு மாதத்தில் எச்.பி.வி. பரிசோதனை, அதன் பிறகு முதல் சில வருடங்களுக்கு வருடம் ஒரு தடவை, அப்புறம் இடைவெளி விட்டு 25 வருடம் வரை கண்காணிப்பு. அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள், பல இடங்களில் யாரும் அழைப்பதில்லை. முதல் ஸ்மியர் ரிப்போர்ட்டின் நகலையும் பயாப்சி ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.