சுழலும் பூமி, சிதறாத அணுக்கரு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி பூமியின் வடிவத்தைப் பற்றியவை, மீதி அணுக்கருவைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன்.

பூமி சுழல்வதால் நடுவில் பிதுங்கியிருக்கிறது என்கிறார்கள். எங்கள் கும்பார்வாடாவில் சக்கரத்தில் வைத்த களிமண் விரிகிற மாதிரியா? பூமி பாறையாயிற்றே, அது எப்படிப் பிதுங்கும்? (தாராவி வாசகர்)

உவமை பாதி சரி. சக்கரத்தில் களிமண்ணை விரிப்பது பெரும்பாலும் குயவரின் கைதான். பூமிக்கு அப்படி ஒரு கை கிடையாது. அங்கே நடப்பது இழுபறி. ஈர்ப்பு எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுக்கிறது. அது மட்டும் இருந்தால் பூமி கச்சிதமான உருண்டையாகியிருக்கும். சுழற்சியோ பொருள்களை அச்சிலிருந்து விலக்கி வெளியே தள்ளப் பார்க்கிறது. (அது உண்மையான விசையே அல்ல என்று இயற்பியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பூமியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே பார்க்கிற நமக்கு அது விசை மாதிரிதான்.) துருவத்தில் இந்தத் தள்ளல் பூஜ்யம், நிலநடுக்கோட்டில் உச்சம்.

அந்த உச்சமே ஈர்ப்பில் 289-இல் ஒரு பங்குதான். இவ்வளவு சொற்பமா என்று தோன்றும். ஆனால் பூமி பெரிசு. மையத்திலிருந்து துருவம் 6,357 கி.மீ., நிலநடுக்கோடு 6,378 கி.மீ. என்று 21 கி.மீ. வித்தியாசத்தை அந்தச் சொற்பப் பங்கு உண்டாக்கிவிட்டது. எவரெஸ்டின் உயரம் இதில் பாதிகூட இல்லை.

சரி, பாறை எப்படி வளைந்து கொடுத்தது? சுத்தியலால் அடித்தால் உடைகிற பாறைதான். ஆனால் பூமியின் உள்ளே, மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசப் பகுதியின் சூட்டிலும் அழுத்தத்திலும், லட்சக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் கொடுத்தால் அதே பாறை மெல்ல நகர்ந்து ஒழுகும். இதற்குக் கண்கூடான சாட்சி இருக்கிறது. பனி யுகத்தில் ஸ்வீடன், பின்லாந்து பகுதிகளை அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பாரம் போன பிறகும் அந்த நிலம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை.

திருநெல்வேலியில் எடுத்த பத்து பவுன் நகை மும்பையில் நிறுத்தால் எடை மாறுமா? ஈர்ப்பு ஊருக்கு ஊர் மாறும் என்று மகன் சொல்கிறான். (மாட்டுங்கா வாசகி)

மகன் சொல்வது சரி. ஆனால் தராசு எது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

ஈர்ப்பு முடுக்கம், அதாவது கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு கூடுகிறது என்பது, நிலநடுக்கோட்டில் 9.780 மீ/நொடி², துருவத்தில் 9.832. அரை சதவீத வித்தியாசம். இதில் பெரும்பங்கு சுழற்சியின் நேரடித் தள்ளலால் வருவது. மீதி, பிதுங்கிய இடத்தில் நிற்பவர் மையத்திலிருந்து தள்ளி நிற்பதால் வருவது. திருநெல்வேலி சுமார் 9 டிகிரி வடக்கு, மும்பை 19 டிகிரி. கணக்குப் போட்டால் மும்பையில் ஈர்ப்பு சுமார் 0.04 சதவீதம் கூடுதல். பத்து பவுன், அதாவது 80 கிராமுக்கு, 35 முதல் 40 மில்லிகிராம் வரை. பழைய கணக்கில் ஒரு குன்றிமணியில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டு தட்டுத் தராசில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நகையை இழுக்கிற ஈர்ப்புதான் எதிர்த்தட்டில் இருக்கும் படிக்கல்லையும் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். கடையில் இருக்கும் மின்னணுத் தராசு அப்படியல்ல. தட்டை எவ்வளவு விசை அழுத்துகிறது என்று அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. திருநெல்வேலியில் சரிபார்த்த தராசை அப்படியே தூக்கி வந்து மாட்டுங்காவில் வைத்தால், நகை 40 மில்லிகிராம் கூடிவிட்டதாகக் காட்டும். மில்லிகிராம் வரை காட்டுகிற நகைக்கடைத் தராசுக்கு இது நன்றாகவே தெரிகிற வித்தியாசம். அதனால்தான் இத்தகைய தராசை எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கேயே, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்த தராசில் இரண்டு ஊரிலும் 80 கிராம்தான். எடை அரை கிராம், ஒரு கிராம் என்று குறைந்தால் ஈர்ப்பின் மேல் பழி போடாதீர்கள். மேலும் மும்பையில் கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது.

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (முலுண்ட், பள்ளி ஆசிரியை)

கடிகாரம் காட்டிக்கொடுத்தது. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயென் நகருக்குக் கொண்டு போனார். அது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர். அங்கே கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். 1687-இல் நியூட்டன் இதையும் சேர்த்துக்கொண்டு, பூமி துருவங்களில் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். பாரிஸில் வானியலாளர்களான காசினி குடும்பத்தார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் அளவைப்படி பூமி துருவப் பக்கம் நீண்டிருந்தது. கடைசியில் 1730களில் ஒரு குழு இன்றைய ஈக்வடார் பக்கமும், இன்னொரு குழு வட ஐரோப்பாவின் லாப்லாந்துக்கும் போய், தீர்க்க ரேகையில் ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்று நிலத்தை அளந்தே பார்த்துவிட்டன. துருவத்தை நெருங்க ஒரு டிகிரியின் தூரம் கூடினால் அங்கே பூமி தட்டை என்று பொருள். அப்படித்தான் இருந்தது, நியூட்டன் பக்கம் ஜெயித்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (மற்ற தூரங்களுக்கு அடிப்படையாக முதலில் துல்லியமாக அளக்கும் நேர்கோடு) போட்டுத் தொடங்கிய அளவைக்குப் பூமியின் வடிவத்தை அறிவதும் ஒரு நோக்கம். அளந்துகொண்டே வடக்கே போனவர், 1823-இல் மகாராஷ்டிரத்து ஹிங்கண்காட்டில் இறந்தார். வார்தா பக்கம் போகிறவர்கள் அவர் கல்லறையைப் பார்க்கலாம்.

பூமி இன்னும் வேகமாகச் சுற்றினால் நாம் தூக்கி எறியப்படுவோமா? (காட்கோபர்)

இப்போதே மும்பை மணிக்குச் சுமார் 1,580 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வேகம் மாறாததால் தெரியவில்லை. நிலநடுக்கோட்டில் எடை பூஜ்யமாக வேண்டுமென்றால் ஒரு நாள் 84 நிமிடமாகச் சுருங்க வேண்டும். இப்போதைய சுழற்சியைப் போல் 17 மடங்கு. கவலை வேண்டாம், நிலவு எழுப்பும் கடல் ஓதங்களின் (ஏற்றவற்றங்களின்) உரசலால் பூமியின் சுழற்சி குறைந்துகொண்டுதான் வருகிறது.

மற்ற கோள்களும் சப்பைதானா? (டோம்பிவிலி)

எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வியாழனுக்கு ஒரு நாள் 10 மணி நேரத்துக்கும் குறைவு. தொலைநோக்கியில் பார்த்தாலே சப்பை தெரியும். சனி அதைவிட மோசம், நடுக்கோட்டு விட்டத்தைவிடத் துருவ விட்டம் சுமார் பத்து சதவீதம் குறைவு. வெள்ளி ஒரு முறை சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்வதால் கிட்டத்தட்ட முழு உருண்டை.

எனக்குப் பிடித்தது ஹௌமியா. நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் குறுங்கோள். நாலு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. அந்த வேகத்தில் சப்பையாவதோடு நிற்காமல் முட்டை மாதிரி நீண்டே போய்விட்டது. நீள அச்சு, குட்டை அச்சைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஒரே மின்னூட்டம் கொண்டவை விலக்கும் என்று படிக்கிறோம். அப்படியானால் அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன? ஈர்ப்பா? (செம்பூர், 11ஆம் வகுப்பு மாணவி)

ஈர்ப்பு இல்லை. இரண்டு புரோட்டான்களுக்கு இடையே மின்விலக்கலோடு ஒப்பிட்டால் ஈர்ப்பு, 1-க்குப் பின் 36 சுழி போட்ட எண்ணால் வகுத்த அளவு. அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

முதலில் விலக்கல் எவ்வளவு என்று பாரம்மா. அணுக்கருவில் தூரங்களை ஃபெர்மியில் சொல்வோம். ஒரு மீட்டரைக் கோடி கோடியாகப் பிரித்து, அதிலும் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் ஒரு ஃபெர்மி. 2 ஃபெர்மி இடைவெளியில் இரண்டு புரோட்டான்கள் 58 நியூட்டன் விசையோடு தள்ளிக்கொள்கின்றன. கையில் ஆறு கிலோ பையைத் தூக்கிப் பார், அவ்வளவு. கண்ணுக்குத் தெரியாத இரண்டு துகளுக்கு நடுவே!

அதையும் மீறிக் கட்டிப் போடுவது அணுக்கரு விசை. புரோட்டானும் நியூட்ரானும் அவற்றைவிட அடிப்படையான குவார்க்குகள் என்ற துகள்களால் ஆனவை. குவார்க்குகளைப் பிணைக்கிற வலிமையான விசையின் மிச்சம்தான் வெளியே கசிந்து பக்கத்துத் துகளையும் பிடிக்கிறது. ஜப்பானின் ஹிடெகி யுகாவா 1935-லேயே, இந்த விசையைச் சுமந்து போக மேசான் என்ற துகள் இருக்க வேண்டும் என்றார். 1947-இல் அது கிடைத்தது, 1949-இல் அவருக்கு நோபல். இந்த விசைக்கு மூன்று குணம். புரோட்டான், நியூட்ரான் என்ற பேதம் பெரிதாகப் பார்க்காது. இரண்டு மூன்று ஃபெர்மி தாண்டினால் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ரொம்ப நெருங்கினால், அரை ஃபெர்மிக்குள், தானே விலக்கத் தொடங்கிவிடும். அணுக்கரு நசுங்கிப் போகாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

நியூட்ரானுக்கு அங்கே என்ன வேலை? பெரிய அணுக்கரு ஏன் உடைகிறது? (அதே மாணவியும், மேலும் சிலரும்)

மேலே சொன்ன இரண்டாவது குணத்தில்தான் விடை. அணுக்கரு விசை பக்கத்தில் இருப்பவரை மட்டும் பிடிக்கும். மின்விலக்கலோ எட்டு மூலைக்கும் எட்டும். ஒவ்வொரு புரோட்டானும் மற்ற எல்லாப் புரோட்டானையும் தள்ளும். எண்ணிக்கை கூடக் கூடத் தள்ளல் வேகமாக ஏறும், பிடி அந்த அளவுக்கு ஏறாது. நியூட்ரான் பிடிக்க உதவும், தள்ளாது. அதனால் ஆக்சிஜனில் எட்டுக்கு எட்டு என்று போதுமாக இருந்தது, தோரியத்தில் 90 புரோட்டானுக்கு 142 நியூட்ரான் என்று வேண்டியிருக்கிறது. அப்படியும் போதவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தோரியம் உடைந்துகொண்டேதான் இருக்கிறது. பாதி உடைய 1,400 கோடி ஆண்டு ஆகும் என்பதால் இன்னும் மிச்சமிருக்கிறது.

நியூட்ரானை மட்டுமே சேர்த்து அணுக்கரு செய்யலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது, இரண்டு நியூட்ரான்கூட ஒட்டி நிற்பதில்லை.

அணுக்கருவும் சுழலுமா? சுழன்றால் பூமி மாதிரி சப்பையாகுமா? (அணுசக்தி நகர்)

இந்த முறை வந்ததில் நல்ல கேள்வி இதுதான். சுழலும். ஆனால் கதை தலைகீழ். பூமி சுழல்வதால் வடிவம் மாறியது. அணுக்கருவோ, வடிவம் மாறியிருந்தால்தான் சுழலவே முடியும்.

காரணம், அணு அளவில் செல்லுபடியாகும் குவாண்டம் விதி. முழு உருண்டையான ஒன்றைத் திருப்பினால் திருப்பியதே தெரியாது. வித்தியாசம் தெரியாத திருப்பத்துக்குத் தனி ஆற்றல் நிலை கிடையாது. ஈயம்-208 (208 என்பது புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) அப்படிப்பட்ட உருண்டை. யுரேனியம்-238 அப்படியல்ல, உள்ளே துகள்கள் அடுக்கப்பட்ட விதத்தால் ஏற்கெனவே நீண்டிருக்கிறது. அதற்குச் சுழல முடியும். எப்படித் தெரியும்? சுழலும் நீள்வடிவத்தின் முதல் இரண்டு ஆற்றல் நிலைகளுக்கு இருக்க வேண்டிய விகிதம் 3.33. யுரேனியத்தில் அளந்தவை சுமார் 45, 148 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு). வகுத்துப் பாருங்கள், 3.3. ஆகே போர், மோட்டல்சன், ரெயின்வாட்டர் ஆகியோருக்கு 1975-இல் நோபல் கிடைத்தது அணுக்கரு வடிவம் பற்றிய இந்த வேலைக்குத்தான்.

சுழலத் தொடங்கிய பிறகு வேகத்தைக் கூட்டினால், பூமிக் கதை திரும்ப வருகிறது. 1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் டிஸ்ப்ரோசியம்-152 அணுக்கருவைக் கடும் வேகத்தில் சுழல வைத்தபோது, அதன் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்காக இருந்தது. ஹௌமியாவின் வடிவம்தான் கிட்டத்தட்ட. இப்படிச் சுழலும் அணுக்கரு, வேகம் குறையக் குறைய, ஆற்றலில் சீரான இடைவெளி கொண்ட காமா கதிர்களை விடும். அதை வைத்துத்தான் வடிவத்தைக் கணக்கிடுகிறார்கள். கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் இருக்கும், துகள்களை வேகப்படுத்தும் பெல்லட்ரான் முடுக்கியிலும் இந்த வகை ஆய்வு நடக்கிறது.

நியூட்ரான் விண்மீன் என்பது ஒரு பிரம்மாண்டமான அணுக்கருவா? (சயான்)

பெரிய விண்மீன் வெடித்த பிறகு மிஞ்சும், இறுகிச் சுருங்கிய மையம்தான் நியூட்ரான் விண்மீன். அதை அப்படிச் சொல்வது வழக்கம், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அடர்த்தி ஏறக்குறைய அதுதான். ஆனால் அதைக் கட்டிப் போட்டிருப்பது அணுக்கரு விசை அல்ல, ஈர்ப்பு. சூரியனைவிடக் கூடுதலான நிறை, மும்பை மாநகர அளவுக்குள் அடங்கும்போது ஈர்ப்பே போதும். இதுவரை தெரிந்ததில் வேகமானது நொடிக்கு 716 முறை சுற்றுகிறது, ஆக இதுவும் நடுவில் பிதுங்கியதுதான். இப்படிச் சுழன்றுகொண்டே ரேடியோ துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்களை, அதாவது துடிவிண்மீன்களை (பல்சர்), கேட்கும் ரேடியோ தொலைநோக்கி புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் இருக்கிறது. 45 மீட்டர் அகலத் தட்டுகள், மொத்தம் 30. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு. அங்கே வெயில் கடுமை.