இடம் தாராளமான கப்பலா, அமைதியான கப்பலா?

கேள்வி: நானும் மனைவியும் மட்டும் ஏழு இரவு கரீபியன் கடலில் கப்பல் சுற்றுலா போகலாம் என்று இருக்கிறோம். ஆட்டம் பாட்டம் வேண்டாம். படிக்க வேண்டும், கடலைப் பார்த்து உட்கார வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’, செலிபிரிட்டி நிறுவனத்தின் ‘செலிபிரிட்டி பியாண்ட்’ இரண்டுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறோம். ஐகான்தான் பெரிய கப்பல், அதில் இடம் தாராளம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

பதில்: ஏஜென்ட் சொல்வது கணக்குப்படி பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

முதலில் ஒன்று. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். செலிபிரிட்டி 1997-லிருந்து ராயல் கரீபியன் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஆகவே எந்த நிறுவனத்தை நம்பலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். குணம்தான் வேறு.

இடத்துக்கு வருவோம். கப்பலின் மொத்த டன்னேஜ் எடையைச் சொல்வதில்லை, உள்ளே இருக்கும் கொள்ளளவைச் சொல்கிறது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். ஐகான் 2,48,663 டன், பயணிகள் 5,610. வகுத்தால் 44 சொச்சம். பியாண்ட் சுமார் 1,40,600 டன், 3,260 பேர், 43 வருகிறது. ஐகான் ஒரு படி மேலேதான்!

ஆனால் 5,610 என்பது அறைக்கு இரண்டு பேர் என்று வைத்த எண்ணிக்கை. சோபாவை விரித்து, மேலிருந்து இறக்கும் படுக்கையையும் போட்டு எல்லாம் நிரம்பினால் ஐகானில் 7,600 பேர் ஏறலாம். அப்போது தலைக்கு 33-கூட இல்லை. மூன்றாவது, நான்காவது படுக்கையில் யார் வருவார்கள்? பெரும்பாலும் பிள்ளைகள். எப்போது வருவார்கள்? பள்ளி விடுமுறையில். ஆகவே எந்தக் கப்பல் என்பதற்கு முன்னால் எந்த வாரம் என்று முடிவு செய்யுங்கள். விடுமுறை வாரத்தில் போனால் பியாண்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். அங்கும் அவர்களுக்கென்று தனி இடம் உண்டு.

அப்புறம், அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது. ஐகானில் ஆறு சறுக்குகள் கொண்ட நீர் விளையாட்டுப் பூங்கா, ஏழு நீச்சல் குளங்கள், சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு என்றே ஒரு பகுதி. பெரியவர்களுக்கு மட்டுமான ‘ஹைட்அவே’ குளமும் உண்டு, ஆனால் அங்கே டி.ஜே. பாட்டு ஓடும். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். பியாண்டில் சறுக்கே கிடையாது. கண்ணாடிக் கூரை போட்ட சோலேரியம் பெரியவர்களுக்கானது. புத்தகத்தோடு போய் உட்கார ஏற்ற இடம்.

என் ஓட்டு பியாண்டுக்குத்தான். விலை உதைத்தால் ஐகானுக்குத் தாவ வேண்டாம். ராயல் கரீபியனிலேயே ‘ரேடியன்ஸ்’ வகையில் சுமார் 2,100 பேர் போகும் பழைய, சிறிய கப்பல்கள் இருக்கின்றன. அவற்றின் விலையையும் கேளுங்கள். ஏஜென்டுகள் இவற்றைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

அறை விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நான் ஒருமுறை விலையை மட்டும் பார்த்து, அறை எண்ணை அவர்களே ஒதுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிடைத்தது நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியற்காலையில் தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம், ஒரு வாரம் முழுக்க. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாக, கப்பலின் நடுப்பகுதியில் பார்த்து எண்ணைச் சொல்லி வாங்குங்கள். அலையில் கப்பல் ஆடுவதும் அங்கேதான் குறைவு. பக்கத்து அறைக்குக் கதவு வைத்த அறை வேண்டாம், பேச்சுக் குரல் அப்படியே வரும்.

பால்கனியிலும் ஒரு வார்த்தை. ஐகானில் சில பால்கனிகள் கடலைப் பார்க்காது. கப்பலுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தைப் பார்க்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்தால் கடலைப் பார்க்கப் படியேற வேண்டியதுதான். பியாண்டில் பெரும்பாலான பால்கனி அறைகளில் தனியாகப் பால்கனி கிடையாது. பொத்தானை அழுத்தினால் சுவர் அளவு ஜன்னலின் மேல்பாதிக் கண்ணாடி இறங்கும், அப்போது ஏ.சி. நின்றுவிடும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. வெளியே நாற்காலி போட்டு உட்காரும் ரகம் என்றால் முன்பே கேட்டு, திறந்த பால்கனி உள்ள அறையாக வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு மதுப் பழக்கம் உண்டு, மனைவிக்கு இல்லை. எனக்கு மட்டும் மது பேக்கேஜ் (நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிடுவது) வாங்க முடியுமா?

பதில்: பொதுவாக முடியாது. ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது ராயல் கரீபியனில் விதி. செலிபிரிட்டியில் எப்படி என்று பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமையை முன்கூட்டியே சொன்னால், மனைவிக்கு மது இல்லாத பேக்கேஜ் போட்டுத் தருவதுண்டு. அந்தச் சலுகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாகக் கொடுங்கள். பில்லில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தானாகவே ஏறும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும், நாளுக்கு இரண்டு கோப்பையோடு நிறுத்துகிறவருக்குத் தனியாக வாங்குவதுதான் லாபம்.