ஆப்பிரிக்கர்களால பெரிய கட்டடம் கட்ட முடியாதுன்னு ஐரோப்பியர்கள் ஏன் அவ்ளோ நாள் சொன்னாங்க?

ஆதாரம் இல்லாததால இல்லைங்க, ஆதாரத்தை ஏத்துக்கிட்டா அவங்க ஆட்சிக்கே நியாயம் இல்லாம போயிரும், அதான் காரணம். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில, இன்னைக்கு ஜிம்பாப்வே நாட்டுல இருக்குற கிரேட் ஜிம்பாப்வேங்கிற பழைய கல் நகரத்தை எடுத்துக்கோங்க. ஷோனா மக்களோட முன்னோர்கள் 11-ம் நூற்றாண்டுல இருந்து 15-ம் நூற்றாண்டு வரைக்கும் கட்டி வாழ்ந்த நகரம், சாந்து எதுவும் பூசாம வெறும் கல்லை அடுக்கியே சில இடத்துல 11 மீட்டர் உயரத்துக்கு சுவர் எழுப்பியிருக்காங்க. 1871-ல அங்க போன கார்ல் மௌக்ங்கிற ஜெர்மன்காரர் ஒரு மரத்துண்டை வெட்டி எடுத்துப் பார்க்குறார், நிறமும் வாசமும் தன்னோட பென்சில் மரம் மாதிரியே இருக்கு, அப்போ இது லெபனான் தேவதாரு, அப்போ இதைக் கட்டுனது பைபிள்ல வர்ற ஷீபா ராணின்னு முடிவே பண்ணிட்டார்! பக்கத்துலயே குடியிருந்த மக்களோட முன்னோர் கட்டியிருக்கலாம்னு அவர் யோசிக்கத் தயாரா இல்ல.

1905-ல ராண்டல் மெக்ஐவர், 1929-ல கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன், ரெண்டு பேருமே தோண்டிப் பார்த்து இது ஆப்பிரிக்கர்கள் கட்டுனதுதான்னு தெளிவா சொன்னாங்க (இவங்களும் பிரிட்டிஷ்காரங்கதான், அதையும் சொல்லணும்). அதுக்கப்புறமும் இயன் ஸ்மித்தோட ரொடீசியா (ஜிம்பாப்வேக்கு அப்போ இருந்த பேர்) வெள்ளையர் அரசு அந்த உண்மையை அமுக்கத்தான் பார்த்துச்சு, வளைஞ்சு குடுக்காத தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970-ல நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவம் வருது, ஏன்னா இது அறியாமை இல்ல, தெரிஞ்சே பண்ணது. 1980-ல சுதந்திரம் கிடைச்சப்போ அந்த மக்கள் நாட்டுக்கே ஜிம்பாப்வேன்னு பேர் வச்சாங்க, அங்க கிடைச்ச கல் பறவை இப்பவும் அவங்க கொடியில இருக்கு.